விதைநெல்லைக் குத்தி விருந்து!

பதினெட்டு வயது இளைஞர் அவர். பெயர் ஜரோம் இகின்லா. கனடா நாட்டில் பிறந்தவர். தந்தை ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவிலிருந்து வந்தவர். இகின்லா என்றால் அந்த நாட்டு யொரூபா மொழியில் "பெரிய மரம்" என்று பொருள்.

1995ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவில் உள்ள டல்லாஸ் நகரத்து ஐஸ் ஹாக்கி கோஷ்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கோஷ்டியின் சட்டையைப் போட்டு அவர் ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. அதற்குள், டிசம்பர் 19ஆம் தேதி, அவரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்!

விற்றுவிட்டார்களா? இல்லை. பண்டமாற்று! கிராமத்தில் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவது போல, இளைஞரைக் கொடுத்து அனுபவசாலியை வாங்கினார்கள். கனடாவில் உள்ள கால்கரி கோஷ்டியைச் சேர்ந்த ஜோ நியூவெண்டைக் டல்லாசுக்கு வந்தார். அவருக்கு வயது 29. இகின்லாவும் இன்னோர் ஆட்டக்காரரும் கால்கரிக்குப் போனார்கள்.

இந்த மாதிரி வியாபாரம் சரியா, தப்பா? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஸ் ஹாக்கி பார்க்கிற வீடுகளில் வருஷந்தோறும் இந்தச் சண்டை நடக்கிறது. அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. மூன்று மாதம் தங்கப் போகிற விருந்தாளிக்காக, வளர்கிற பிள்ளையைத் தாரை வார்ப்பது பெரும்பாலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற காரியம்தான்.

பனிக்கட்டி மேல் ஆட்டம்

நம் நாட்டு ஹாக்கி தரையில் ஆடுவது. பக்கத்துக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கி வேறு. அது உறைந்த பனிக்கட்டி மேல் ஆடுவது. காலில், கத்தி போன்ற இரும்பு பொருத்திய பூட்சு. பக்கத்துக்கு 6 பேர்தான். அதில் ஒருவர் கோல் காப்பவர். பந்து கிடையாது. தட்டையான கறுப்பு ரப்பர் வில்லையைத் தடியால் அடிப்பார்கள். வில்லை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கும்!

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 கோஷ்டிகள். எல்லாம் சேர்ந்தது தேசிய ஹாக்கி லீக். எல்லோரும் குறி வைப்பது ஒரே ஒரு கோப்பையை. அதன் பெயர் ஸ்டான்லி கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892ல் கொடுத்தது.

இந்தக் கோப்பைக்கு ஓர் அழகான வழக்கம் உண்டு. ஜெயித்த கோஷ்டியின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அதை ஒரு நாள் தம் ஊருக்கு எடுத்துப் போகலாம். கைக்குழந்தையை அதற்குள் உட்கார வைத்துப் படம் எடுத்தவர்கள் உண்டு. அந்த ஒரு நாளுக்காகப் பல்லை உடைத்துக்கொள்வார்கள், எலும்பை முறித்துக்கொள்வார்கள்.

கோப்பை லேசில் கிடைக்காது. முதலில் பல மாதம் லீக் பந்தயங்கள். அதில் தேறுகிற 16 கோஷ்டிகள்தான் வசந்த காலத்தில் கோப்பைச் சுற்றுக்குப் போகும். நாலு கட்டம். கட்டத்துக்கு நாலு வெற்றி. ஆக 16 வெற்றி வேண்டும்.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கு ஒரு கெடு உண்டு. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். கெடு நெருங்க நெருங்க மானேஜர்களின் தொலைபேசி ஓயாது. தோற்கிற ஊர்க்காரர், வயதான ஆட்டக்காரரைத் தள்ளிவிடப் பார்ப்பார். ஜெயிக்கிற ஊர்க்காரர், இன்னும் ஒரு கை பலம் வேண்டுமே என்று தவிப்பார். விலை என்ன? இளைஞன்தான் விலை!

இந்த இளைஞர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? கோடைதோறும் கோஷ்டிகள் முறை வைத்து, 18 வயதான பையன்களைத் தேர்ந்தெடுக்கும். முந்தின வருஷம் மோசமாக ஆடிய கோஷ்டிகளுக்கு முன்னுரிமை. தேர்ந்தெடுத்த உடனே எல்லோரும் பெரிய களத்துக்கு வந்துவிட மாட்டார்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் சின்னப் பந்தயங்களில் ஆடி உரம் ஏற வேண்டும். அதுதான் நாற்றங்கால்.

வாஷிங்டன் செய்த காரியம்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி. வாஷிங்டன் கோஷ்டி அதுவரை ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த வருஷம் கோப்பைச் சுற்றுக்குப் போகும் நம்பிக்கை இருந்தது. இன்னும் ஒரு நல்ல கை இருந்தால் போதும் என்று மானேஜர் ஜார்ஜ் மெக்பீ நினைத்தார்.

நாஷ்வில் கோஷ்டியில் மார்ட்டின் எராட் என்பவர் ஆடிக்கொண்டிருந்தார். வயது 31. அனுபவசாலி. ஊர் மாற வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் இன்னோர் இளைஞரும் வாஷிங்டனுக்கு வந்தார்கள். பதிலுக்குப் போனவர் ஸ்வீடன் நாட்டு இளைஞர் பிலிப் போர்ஸ்பெர்க். வயது 18. முந்தின கோடையில்தான் 11ஆவது ஆளாக அவரை வாஷிங்டன் தேர்ந்தெடுத்திருந்தது.

பிறகு என்ன நடந்தது?

எராட் லீக் முடிவதற்குள் 9 பந்தயம் ஆடினார். போட்டது ஒரு கோல். கோப்பைச் சுற்று வந்தது. காயம் பட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் கட்டத்திலேயே வாஷிங்டன் நியூயார்க்கிடம் வீழ்ந்தது. ஏழாவது பந்தயத்தில், சொந்த ஊரில், தம் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 5-0 என்று தோற்றது!

அடுத்த வருஷம் எராட் 53 பந்தயம் ஆடினார். அப்போதும் ஒரே ஒரு கோல். தம்மை வேறு ஊருக்கு அனுப்பிவிடும்படி வாஷிங்டனிடமும் கேட்டார். 2014 மார்ச்சில் பீனிக்சுக்குப் போய்விட்டார். மொத்தம் 62 லீக் பந்தயம், 2 கோல். அதற்கு வாஷிங்டன் கொடுத்த விலை போர்ஸ்பெர்க்!

போர்ஸ்பெர்க் என்ன ஆனார்? நாஷ்வில் அவரைப் பொறுமையாக வளர்த்தது. 2017ல் நாஷ்வில் கோஷ்டி இறுதிக் கட்டம் வரை போனது. பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது, ஆனாலும் அந்த ஊருக்கு அதுவே முதல் இறுதிக் கட்டம். 2021-22ல் போர்ஸ்பெர்க் 42 கோல் போட்டார். 2023-24ல் 48 கோல். நாஷ்வில் கோஷ்டியின் சரித்திரத்தில் அவர் அளவுக்குக் கோல் போட்டவர் வேறு யாரும் இல்லை.

எராட் கெட்ட ஆட்டக்காரர் அல்ல. நாஷ்வில்லில் பல வருஷம் நன்றாக ஆடியவர். புது ஊர், புது ஜோடிகள், புது மானேஜர். வந்த உடனே வெளுத்து வாங்கு என்றால் யாரால் முடியும்? கல்யாணத்துக்கு முதல் நாள் வந்த சமையல்காரருக்கு உப்புப் பானை எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் பந்தி முடிந்துவிடும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாருக்கு அவசரம்?

மெக்பீ முட்டாளா? நிச்சயமாக இல்லை. ஹாக்கி தெரிந்த மனிதர். 1997 முதல் வாஷிங்டன் மானேஜராக இருந்தவர்.

பின் ஏன் செய்தார்? வேலைதான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நாற்காலியின் குணம் எல்லோருக்கும் தெரியும். ரசிகர்கள் கத்துகிறார்கள். பத்திரிகைகள் எழுதுகின்றன. முதலாளி முகம் சுளிக்கிறார். இந்த வருஷம் ஜெயிக்காவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். 18 வயதுப் பையன் 23 வயதில் 40 கோல் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? அப்போது நாற்காலியில் வேறொருவர் அல்லவா உட்கார்ந்திருப்பார்!

மெக்பீ விஷயத்தில் அப்படியேதான் ஆயிற்று. 2014 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள். எராட் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

குத்தகைக்காரன் நிலத்தைப் பிழிவான். சொந்தக்காரன் எரு போடுவான். மானேஜர் குத்தகைக்காரர். முதலாளிதான் சொந்தக்காரர். ஆகவே இந்த மாதிரி வியாபாரத்தில் கையெழுத்து விழுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டியவர் முதலாளி. "இந்தப் பையன் போனால் ஐந்து வருஷம் கழித்து என் கோஷ்டியில் யார் ஆடுவார்கள்?" என்று அவர் கேட்க வேண்டும். கேட்காமல், தோற்ற பிறகு மானேஜரை மட்டும் துரத்துவது நியாயம் ஆகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2005 முதல் ஒவ்வொரு கோஷ்டியும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் வரம்பு போட்டிருக்கிறது. அனுபவசாலிக்குச் சம்பளம் ஏராளம். புதிதாக வருகிற இளைஞனுக்கோ முதல் சில வருஷம் சம்பளம் கொஞ்சம். குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடுகிற இரண்டு பிள்ளைகள் இருந்தால்தான் பெரிய சம்பளக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ள முடியும். இளைஞரைக் கொடுக்கிறவர், ஆளை மட்டும் கொடுக்கவில்லை. சிக்கனத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

களாக்காயா, பலாக்காயா?

எதிர்க் கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? "நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயை விட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல்" என்பார். அவர் கையிலும் சான்று இருக்கிறது.

1988 மார்ச்சில் கால்கரி கோஷ்டி பிரெட் ஹல் என்ற 23 வயது இளைஞரை இன்னொருவரோடு சேர்த்து செயின்ட் லூயிசுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ராப் ராமேஜ், ரிக் வாம்ஸ்லி என்ற இரண்டு அனுபவசாலிகளை வாங்கியது. மறு வருஷமே, 1989ல், கால்கரி கோப்பையை வென்றது! ஹல் பிறகு ஒரே வருஷத்தில் 86 கோல் போட்டார். ஆயுசு முழுக்க 741 கோல். போகட்டுமே! கோப்பை வந்ததா இல்லையா?

வந்தது. மறுக்க முடியாது. 2000 மார்ச்சில் கொலராடோ கோஷ்டி, பாஸ்டனில் இருபது வருஷம் ஆடிக் களைத்த ரே போர்க்கை வரவழைத்தது. அதற்கு இளைஞர்களைக் கொடுத்தது. மறு வருஷம் தமது 40ஆவது வயதில் போர்க் கோப்பையைத் தூக்கினார். அதைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 கோஷ்டிகள். கோப்பை ஒன்று. கெடுவுக்கு முன் பத்துக் கோஷ்டிகள் இளைஞர்களைக் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கினால், ஜூன் மாதம் அதில் ஒன்பது கோஷ்டிகளாவது கோப்பை இல்லாமல்தான் வீடு திரும்பும். பத்தும் திரும்பினாலும் திரும்பும்! ஜெயித்தவர் கதையைத் தாத்தா பேரனுக்குச் சொல்வார். தோற்ற ஒன்பது பேர் கதையை யார் சொல்கிறார்கள்?

வாஷிங்டன் கதையில் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. 2018ல் வாஷிங்டன் கடைசியில் கோப்பையை வென்றது. போர்ஸ்பெர்க் இல்லாமலேதான்! "பார்த்தீர்களா, பையன் போனால் குடி முழுகிவிடவில்லை" என்று எதிர்க் கட்சிக்காரர் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோப்பையை வென்று கொடுத்தவர்கள் யார்? சிறந்த ஆட்டக்காரர் பரிசு பெற்ற ஒவெச்கின், 2004ல் தேர்ந்தெடுத்த பையன். பாக்ஸ்ட்ராம், 2006ல். கோல் காத்த ஹோல்ட்பி, 2008ல். குஸ்நெட்சோவ், 2010ல். ரஷ்யாவிலிருந்து குஸ்நெட்சோவ் வருவதற்கே நாலு வருஷம் காத்திருந்தார்கள். நாலு பேரும் வாஷிங்டன் தானே விதைத்து, கொடுக்காமல் வைத்துக்கொண்ட பிள்ளைகள்.

அவர்களை விதைத்தவர் யார் தெரியுமா? அதே மெக்பீதான்!

அந்த 2018 இறுதிக் கட்டத்தில் எதிர்ப் பக்கம் ஆடியது லாஸ் வேகாஸ் கோஷ்டி. அதன் மானேஜராக உட்கார்ந்திருந்தவர் யார்? அவரும் மெக்பீதான்! தாம் நட்ட மரங்கள் காய்த்ததை எதிர் வரிசையிலிருந்து பார்த்தார் பாவம்.

குடியேறியவரும் தங்கிப் போனவரும்

லாஸ் வேகாஸ் கதை சுவையானது. 2017ல் பிறந்த கோஷ்டி. முதல் வருஷத்துத் தேர்விலேயே மூன்று நல்ல பையன்களைப் பொறுக்கியது. 6ஆவதாக ஒருவர், 13ஆவதாக ஒருவர், 15ஆவதாக ஒருவர். நாலு வருஷத்தில் மூன்று பேரையும் கொடுத்துவிட்டது! ஆனால் 2023ல் கோப்பையையும் வென்றது.

அப்படியானால் விதைநெல் பேச்சு பொய்யா?

15ஆவது பையன் எரிக் பிரான்ஸ்ட்ராம். அவரைக் கொடுத்து 2019ல் ஒட்டாவாவிலிருந்து வாங்கியவர் மார்க் ஸ்டோன். வயது 26. அவரோடு எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். அவர் வந்து தங்கிப் போகவில்லை, குடியேறினார். கேப்டன் ஆனார். 2023ல் கோப்பையை முடிவு செய்த பந்தயத்தில் தாமே மூன்று கோல் போட்டார். இது விதைநெல்லைத் தின்ற கணக்கு அல்ல. நாற்றைக் கொடுத்து, காய்க்கத் தொடங்கிய மரத்தை வாங்கிய கணக்கு.

13ஆவது பையன் நிக் சுசுகி. அவர் கதை வேறு. 2018ல் அவரையும் இன்னும் சிலவற்றையும் மாண்ட்ரியலுக்குக் கொடுத்து, பசியோரெட்டி என்ற பெரிய ஆட்டக்காரரை வாங்கினார்கள். 2021ல் அரை இறுதிக் கட்டத்தில் லாஸ் வேகாசை வீட்டுக்கு அனுப்பியது எந்தக் கோஷ்டி? மாண்ட்ரியல்! அதில் சுசுகியும் ஆடினார். மறு வருஷம் 23ஆவது வயதில் அந்தப் பழம்பெரும் கோஷ்டிக்கே கேப்டன் ஆனார். பசியோரெட்டியை அதே 2022ல் சம்பளச் சுமை தாங்காமல் வேறு கோஷ்டிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஓர் ஆட்டக்காரர்கூட வரவில்லை.

ஒரே கோஷ்டி, ஒரே சாக்கு நெல். ஒரு பிடி லாபம், ஒரு பிடி நஷ்டம்.

ஆகவே வயதைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வருகிறவர் எத்தனை வருஷம் இருப்பார்? அதுதான் கேள்வி. டல்லாசுக்குப் போன நியூவெண்டைக் கதையும் இதையே சொல்கிறது. அவர் 2002 வரை அங்கேயே ஆடினார். 1999ல் டல்லாஸ் கோப்பை வென்றபோது கோப்பைச் சுற்றில் 11 கோல் போட்டுச் சிறந்த ஆட்டக்காரர் பரிசையும் வாங்கினார். வெயில் கொளுத்தும் ஊர் டல்லாஸ். 1993ல்தான் இந்தக் கோஷ்டி அங்கே குடிவந்தது. ஐஸ் ஹாக்கியை அந்த ஊர் நம்ப வேண்டுமானால் ஒரு வெற்றி தேவைப்பட்டது. இகின்லாவைக் கொடுத்ததற்காக டல்லாஸ்காரர் வருத்தப்பட வேண்டியதில்லை. கால்கரிக்காரரும் வருத்தப்படவில்லை.

மரம் பெரிதானது

இகின்லா கால்கரியில் பெரிய மரமாகவே வளர்ந்தார். கேப்டன் ஆனார். 2004ல் கோஷ்டியை இறுதிக் கட்டத்தின் ஏழாவது பந்தயம் வரை இழுத்துப் போனார். அதில் தோற்றார். கால்கரிக்காக மட்டும் 525 கோல் போட்டார். கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை.

2013 மார்ச் மாதம். இகின்லாவுக்கு வயது 35. கோப்பை கிடைக்கும் என்ற ஆசையில் பிட்ஸ்பர்க்குக்குப் போகச் சம்மதித்தார். இந்தத் தடவை அவர் விலை அல்ல; சரக்கு! அவருக்கு விலையாக இரண்டு இளைஞர்களையும், அடுத்த தேர்வில் முதல் சுற்றில் ஒரு பையனைப் பொறுக்கும் உரிமையையும் பிட்ஸ்பர்க் கொடுத்தது.

லீக் பந்தயம் 13 ஆடினார். கோப்பைச் சுற்றில் பிட்ஸ்பர்க் பாஸ்டனைச் சந்தித்தது. நாலே பந்தயம். நாலிலும் தோல்வி. அந்த நாலு பந்தயத்திலும் சேர்த்து பிட்ஸ்பர்க் போட்டது இரண்டே கோல்! கோடை வந்ததும் இகின்லா ஊர் மாறினார். போனது எங்கே? தம்மைத் தோற்கடித்த பாஸ்டனுக்கே!

கால்கரிக்குப் போன இளைஞர்கள் என்ன ஆனார்கள்? யாரும் பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. முளைக்காத விதைகள். இதனால்தான் மானேஜர்களுக்குத் துணிச்சல் வருகிறது. எந்த விதை போர்ஸ்பெர்க், எந்த விதை பதர் என்று பார்த்த உடனே சொல்ல யாரால் முடியும்? பிட்ஸ்பர்க்கின் கை தப்பியது. வாஷிங்டனின் கை சுட்டது. செய்த காரியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

2017 மார்ச்சில், 39ஆவது வயதில், இகின்லாவை மறுபடியும் கை மாற்றினார்கள். கொலராடோ கோஷ்டியிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு. விலை, நிபந்தனையோடு நான்காம் சுற்றில் ஒரு பையனைப் பொறுக்கும் உரிமை. லாஸ் ஏஞ்சல்ஸ் அந்த வருஷம் கோப்பைச் சுற்றுக்கே போகவில்லை. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது.

2019 மார்ச் 2ஆம் தேதி, அவர் அணிந்த 12ஆம் எண் சட்டையை மைதானத்தின் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். இனி அந்த எண்ணை அங்கே வேறு யாரும் போட மாட்டார்கள். கட்டிய ஊர் டல்லாஸ் அல்ல, பிட்ஸ்பர்க் அல்ல, பாஸ்டனும் அல்ல. 18 வயதில் ஒரு பந்தயம்கூட ஆடாமல் வந்த பையனைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்ட கால்கரி.